விண்ணப்பப் படிவங்களில் மட்டும் வாழும் பெண்கள்

2022 செப்டம்பரில் ஈரானின் ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச் சென்ற ஜினா மஹ்சா அமினி இறந்தபோது, "பெண், வாழ்வு, விடுதலை" என்ற முழக்கம் சென்னை வரை வந்து சேர்ந்தது. நம் தோழர்கள் பலர் அதைப் பகிர்ந்தார்கள், பதாகைகளில் எழுதினார்கள். நல்லதுதான். ஆனால் அந்த முழக்கம் குர்து மொழியில் பிறந்தது என்பதும், குர்திய விடுதலை இயக்கத்துப் பெண்கள் அதை நெடுங்காலமாக முழங்கி வந்தார்கள் என்பதும் எத்தனை பதிவுகளில் இருந்தன? அமினி ஒரு குர்தியப் பெண். வீட்டார் அழைத்த பெயர் ஜினா. உலகம் பிடித்துக்கொண்டது அரசுப் பதிவேட்டில் இருந்த மஹ்சாவைத்தான்.

அதற்கு முன்பும் ஈரானில் பெண்கள் இருந்தார்கள். 1907இல் டெஹ்ரானில் பெண் குழந்தைகளுக்காகப் பள்ளி திறந்த பீபி கானும் அஸ்தராபாதி, ஆண்களின் குறைகளைப் பட்டியலிட்டே ஒரு நூல் எழுதியவர். 1919இல் இஸ்பஹானில் 'பெண்களின் மொழி' என்ற பெயரில் இதழ் தொடங்கிய சித்தீகே தௌலதாபாதி இருந்தார். இவர்களைத் தெரியாமலேயே ஈரானியப் பெண்ணுரிமை 2022இல் திடீரென வெடித்தது போலப் பேசுகிறோம்.

ஈரானை விடுங்கள். நம் ஊருக்கு வருவோம். மூவலூர் ராமாமிர்தம், மீனாம்பாள் சிவராஜ், டாக்டர் தருமாம்பாள், சத்தியவாணி முத்து ஆகிய நான்கு பெயர்களைச் சொன்னால் நம்மில் பெரும்பாலோருக்கு என்ன நினைவுக்கு வரும்? திருமண உதவித் திட்டம், பெரியாருக்குப் பட்டம் கொடுத்தவர், விதவை மறுமண உதவித் திட்டம், இலவசத் தையல் இயந்திரம். டிஎன்பிஎஸ்சி 'பொருத்துக' வினாவுக்கு இது போதும். இவர்கள் என்ன கேட்டார்கள், யாரை எதிர்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த மறதி தற்செயலானது என்று நான் நம்பவில்லை. யாரை நினைவுகூர்வது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. பெண்ணுரிமையைச் சாதி ஒழிப்போடு சேர்த்துக் கட்டிய பெண்களை, அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் இந்தச் சமூகம் நினைவுகூர்கிறது.

அடையாறில் தொடங்கும் வரலாறு

சென்னையின் பெண்ணுரிமை வரலாற்றைப் பாடப்புத்தக முறையில் சொன்னால் அது அடையாறில் தொடங்கும். 1917 மே மாதத்தில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அங்கே இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'ஸ்திரீ தர்மம்' என்ற இதழ் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார்கள். 1921இல், நீதிக்கட்சி ஆட்சியில், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது.

இதில் எதையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கானது. சேரியில் இருந்த பெண்ணுக்கும், வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும், மயிலாப்பூர் வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கும் அது வரவில்லை.

அன்னி பெசன்ட் 1909இல் ஓர் ஆங்கில இதழில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல்கள் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் நாற்றமடிப்பவை. சில தலைமுறைகள் தூய உணவு உண்டு தூய வாழ்வு வாழ்ந்த பிறகுதான் மற்ற குழந்தைகளோடு ஒரே வகுப்பறையில் நெருங்கி உட்காரத் தகுதி பெறும் என்பது அதன் சாரம். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று 1945இல் அண்ணல் அம்பேத்கர் எழுதிய நூலில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். இன்று பெசன்ட் நகர் இருக்கிறது, பெசன்ட் அவென்யூ இருக்கிறது. எட்டு வருடத்துக்குப் பிறகு அதே கைதான் பெண்ணுரிமைச் சங்கத்தையும் தொடங்கியது என்பதை அந்தப் பெயர்ப்பலகைகள் சொல்வதில்லை.

மயிலாப்பூரில் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளில் ஒருவரான சகோதரி சுப்புலட்சுமியின் பணியும் பெரியதுதான். பதினோரு வயதில் விதவையாக்கப்பட்டவர், தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதி நடத்தினார். ஆனால் அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கானது. மொட்டையடிக்கப்பட்ட பார்ப்பனச் சிறுமியின் துயரம் உண்மையானது. அந்தத் துயரமே 'இந்தியப் பெண்ணின் துயரம்' என்று ஆனதுதான் சிக்கல். மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் இருந்த சாதிப் பெண்களுக்கு வேறு துயரங்கள் இருந்தன. கூலி, நிலம், மேல்சாதி ஆணின் கை, தண்ணீர்க் குடம். அவை 'மாதர் பிரச்சினை' ஆகவில்லை. 'வகுப்புப் பிரச்சினை' ஆயின.

செங்கல்பட்டில் கேட்ட குரல்

1929ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. அதற்கே வைதிகர்கள் சாஸ்திரம் போச்சு, தர்மம் போச்சு என்று கூக்குரலிட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. ஆணுக்குச் சமமான சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, விதவைகள் மறுமணம் ஆகியவற்றையும் தீர்மானமாக நிறைவேற்றியது. சாதிப் பட்டங்களை ஒழிக்கச் சொன்ன அதே மேடையில்தான் இவையும் நிறைவேறின.

அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தி.நகரில் நாம் சுடிதார் வாங்கப் போகும் பாண்டி பஜார் அவர் பெயரில் இருப்பதுதான். தியாகராயர், பனகல், நடேசன் என்று தி.நகரின் வரைபடமே நீதிக்கட்சியின் வருகைப் பதிவேடு போல இருக்கும். அந்தப் பதிவேட்டில் ஆண்கள் மட்டும். அந்தத் தீர்மானங்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று, கல்லடிக்கும் வசைக்கும் நடுவில் மேடையேறிப் பேசிய நீலாவதிக்கோ குஞ்சிதத்துக்கோ அங்கே ஒரு சந்தாவது உண்டா? 1929 டிசம்பரில் குத்தூசி குருசாமியைச் சாதி மறுத்து, புரோகிதர் இல்லாமல் மணந்தவர் குஞ்சிதம். அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா ஆட்சியில்தான் சட்டம் வந்தது. பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. செங்கல்பட்டுக்குச் சரியாக 60 ஆண்டுகள் கழித்து. சட்டம் வந்த நாளில் ஆட்சியில் இருந்தவர்களைக் கொண்டாடுகிறோம். 60 ஆண்டு முன்னால் அந்தச் சட்டத்தைக் கேட்ட பெண்களின் குரலை யாரும் தேடுவதில்லை.

ஓர் ஆணின் அடிக்குறிப்பாக

மறக்கடிப்பதற்கு இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெண்ணை ஓர் ஆணின் வரலாற்றில் அடிக்குறிப்பாக வைப்பது.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை தலைமை தாங்கினார். தருமாம்பாள், மீனாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் என்று அன்றைய முன்னணிப் பெண்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மறுநாளே தருமாம்பாளும் ராமாமிர்தமும் மற்ற தோழியரும் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். தொடர்ந்து 70க்கும் மேற்பட்ட பெண்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் கைக்குழந்தைகளோடு. குடும்பப் பெண் சிறைக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று அஞ்சிய காலத்தில் இது நடந்தது. இத்தனை நடந்த மாநாட்டிலிருந்து நாம் நினைவில் வைத்திருக்கும் ஒரே செய்தி, அங்கேதான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் வழங்கப்பட்டது என்பது. பெண்கள் கூடினார்கள், ஓர் ஆணுக்குப் பட்டம் கொடுத்தார்கள், கலைந்தார்கள் என்பது போல! பெரியாரே இதைக் கேட்டிருந்தால் நம்மைத்தான் திட்டியிருப்பார்.

மீனாம்பாளுக்கு இது இரட்டிப்பாக நடந்தது. 1904இல் ரங்கூனில் பிறந்தவர். 1928இல் காங்கிரஸ் சைமன் குழுவைப் புறக்கணித்தபோது, ஒடுக்கப்பட்டவர்களின் கோரிக்கை அந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று ஆதரித்து மேடையேறிய இளம்பெண். 1937இல் திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் கௌரவ நீதிபதியாகவும் பணியாற்றினார். இவ்வளவும் செய்தவரை நம் மேடைகள் எப்படி அறிமுகம் செய்கின்றன? என். சிவராஜின் துணைவியார், அம்பேத்கரின் அன்புச் சகோதரி, பெரியாருக்குப் பட்டம் தந்தவர். மூன்று அறிமுகத்திலும் ஓர் ஆண் இருக்கிறார். அவர் பேசியது எதிலும் இல்லை. திராவிட இயக்கமும் தலித் இயக்கமும் பல விஷயங்களில் முரண்படும். இந்த ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

திட்டத்தின் பெயராக

இரண்டாவது வழி இன்னும் நாசூக்கானது. அந்தப் பெண்ணின் பெயரை ஒரு திட்டத்துக்கு வைத்துவிடுவது.

மூவலூர் ராமாமிர்தம் தேவதாசி மரபில் வளர்ந்து, அந்த முறையையே வேரறுக்கப் புறப்பட்டவர். முதலில் காங்கிரசில் இருந்தார். பிறகு பெரியாரோடு வந்தார். 1949இல் கழகம் பிரிந்தபோது அண்ணாவோடு போனார். எவர் பின்னாலும் கண்ணை மூடிக்கொண்டு போனவர் இல்லை. 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். பொட்டுக்கட்டுவதைப் புனிதம் என்று சொன்ன கோயிலையும், அந்தப் புனிதத்தை அனுபவித்த மைனர்களையும் ஒரே கயிற்றில் கட்டி அம்பலப்படுத்திய நூல் அது. 1938 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தி எதிர்ப்புப் படையில் நடந்த ஒரே பெண் அவர். அப்போது அவருக்கு வயது 55. 42 நாள் நடை.

1989இல் படித்த ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பெண் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது, மறுக்கவில்லை. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராம் ஆனது. பொட்டுத்தாலிக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடியவரின் பெயரில் தாலிக்குத் தங்கம்! தாலியும் புரோகிதமும் வேண்டாம் என்ற இயக்கத்தின் தளபதி பெயரில்! தி.நகர் உஸ்மான் சாலை நகைக்கடைக்காரர்கள் சிலை வைத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது. 2022இல் அந்தத் திட்டம் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் தருவதாக மாறியது. இது நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் கல்லூரி வாசலில் நிற்கும் மாணவியைக் கேட்டுப் பாருங்கள். அவள் அறிந்த பெயர் 'புதுமைப்பெண்'. ராமாமிர்தம் அரசாணையில் இருக்கிறார்.

மூன்றாவது வழி, தலித் பெண் தலைவரைப் பெண் தலைவராகவே எண்ணாமல் விடுவது. 1900களின் தொடக்கத்திலேயே 'தமிழ் மாது' என்ற இதழை நடத்திய ஸ்வப்பனேஸ்வரி அம்மாள், தமிழ்ப் பெண் இதழியல் வரலாறுகளில் எத்தனை பக்கம் பெறுகிறார்? குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து வீதிக்கு வந்தவரும், 'அன்னை' இதழை நடத்தியவரும், 1967 அமைச்சரவையில் இடம்பெற்றவருமான சத்தியவாணி முத்து, தாழ்த்தப்பட்டோருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று 1974இல் சொந்தக் கட்சியிலிருந்தே வெளியேறித் தனிக் கட்சி கண்டார். ஒரு பெண் தனிக் கட்சி தொடங்குவது இன்றைக்கே அரிது. ஆனால் அது 'அரிசனத் தலைவரின் கோபம்' என்று சுருக்கப்பட்டது. கூவம் கரையில் அவர் பெயரைத் தாங்கி ஒரு குடியிருப்பு இருந்தது, சத்தியவாணி முத்து நகர். 2019 டிசம்பர் தொடங்கி அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். தெரு கூட அல்ல, ஒரு சேரிதான் அவர் பெயரில் இருந்தது. அதையும் விடவில்லை.

"முத்துலட்சுமி ரெட்டி இல்லையா?"

இப்படிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். அடையாறு வரலாறு முழுக்கப் பார்ப்பன வரலாறா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இல்லையா? இருக்கிறார். அவரை அடையாறு பங்களாக்களுக்கு விட்டுக்கொடுக்கவும் நான் தயாராக இல்லை. அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். அந்தச் சாதிக் கறையைச் சுமந்துகொண்டே மருத்துவம் படித்து, சட்ட மேலவைக்குப் போய், தேவதாசி ஒழிப்பைக் கொண்டுவந்தவர். அந்த மரபிலிருந்து தப்பி வந்த சிறுமிகளைப் பார்ப்பன விடுதியும் பார்ப்பனரல்லாதார் விடுதியும் சேர்க்க மறுத்ததால்தான் 1930இல் ஔவை இல்லம் பிறந்தது. அந்த மறுப்பை நீக்கிவிட்டு 'அன்னை, கருணை, புற்றுநோய் மருத்துவமனை' என்று மட்டும் சொல்வதும் மறதிதான். எல்.பி. சாலைக்கு டாக்டர் முத்துலட்சுமி சாலை என்று பெயர். எந்த ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒழிப்பின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலோடு இணைந்திருந்த கௌரி அம்மாள், பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்தவர். அந்தக் கலை அடையாறு கலாக்ஷேத்திரத்துக்குப் போய் மரியாதை பெற்றது. அதைத் தந்த பெண் வறுமையில் இறந்தார். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்கள் நிரம்பி வழிகின்றன. ஆடும் மேடையில் எந்தச் சாதிப் பெண்கள் நிற்கிறார்கள், அதை உருவாக்கிய சாதிப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் கலையில் அரசியல் பேசாதே என்கிறார்கள். பொட்டுக்கட்டும் முறை ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஒழித்தவர்கள் அந்தப் பெண்களுக்குப் பிழைப்புக்கு என்ன வழி வைத்தார்கள் என்று கேட்பதும் அதே பெண்ணுரிமைதான்.

புத்தகம் இருக்கிறது, வாசகர் எங்கே?

"ஆவணம் இல்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாது. மு. வளர்மதி சுயமரியாதை இயக்க வீராங்கனைகளைத் தொகுத்திருக்கிறார். பா. ஜீவசுந்தரி மூவலூராரின் வாழ்க்கையைத் தேடி எழுதியிருக்கிறார். வ. கீதா, எஸ். ஆனந்தி, கே. ஸ்ரீலதா ஆகியோர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். பழைய தமிழ் இதழ்களின் பெருந்தொகுப்பு தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கிறது. பெண் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இந்தப் பெண்களைக் கண்டெடுக்கிறார்கள். நாம் திரும்பத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். ஆகஸ்ட் 15க்கு ஒரு போஸ்டர், மார்ச் 8க்கு ஒரு போஸ்டர், அதோடு சரி. பெண்ணியம் என்றால் மேற்கத்திய நூல்களை மேற்கோள் காட்டத் தெரிந்த நமக்கு, 'குடி அரசு' இதழில் நீலாவதி எழுதியதில் ஒரு பத்தி தெரியாது.

எனவே சிலை கேட்கவில்லை. சிலை வைத்தால் மாலை போட ஆண்கள் வருவார்கள். மூவலூராரின் நாவலும், மீனாம்பாள், நீலாவதி, குஞ்சிதம் ஆகியோரின் உரைகளும் எழுத்துகளும் அரசு செலவில் மலிவுப் பதிப்பாக வர வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் 1000 ரூபாய் பெறும் ஒவ்வொரு மாணவியின் கையிலும் அந்த நாவல் இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பெண்ணியப் பாடத்திட்டங்கள் இவர்களை விருப்பப் பாடத்திலிருந்து முதல் அலகுக்குக் கொண்டுவர வேண்டும். நம் இயக்கங்கள் தங்கள் வாசகர் வட்டங்களில் ஆண் தலைவர்களின் நூல்களுக்கு இணையாக இவற்றைப் படிக்க வேண்டும். இதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

இது பழங்கதை பேசும் ஆசையல்ல. மறதி இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டமாக்கின. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டி அதற்காகப் போராடிய விஜி ஒரு தையல் தொழிலாளி. தி.நகர் துணிக்கடைகளில் இன்று முக்காலி கிடைத்த பெண்ணுக்கு அவர் பெயர் தெரியாது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். தனியாருக்கு எங்களை விற்காதே என்றார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. தொழிற்சங்க வரலாறு எழுதுபவர் அதைத் தொழிலாளர் போராட்டம் என்பார். தலித் வரலாறு எழுதுபவர் சாதிப் பிரச்சினை என்பார். பெண்ணிய வரலாறு எழுதுபவர் அதை எழுதாமலே விடுவார். மீனாம்பாளுக்கும் சத்தியவாணி முத்துவுக்கும் நடந்தது இதுதான்.

அந்தப் பெண்களில் ஒருவர் பெயரில் 50 ஆண்டு கழித்து ஏதாவது ஒரு நலத்திட்டம் வரக்கூடும். அதற்கு முன் அவர்கள் அந்த வாசலில் என்ன பேசினார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வைக்கும் வேலை நமக்கு இருக்கிறது. அவர்கள் இன்னும் இதே ஊரில்தான், விடிவதற்கு முன் நம் தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.